புல்லும் ஒரு கவிதையே

திண்டுக்கல் என்றவுடன் பூட்டும் மலைக்கோட்டையும் நினைவில் எழும். கோல்ப் ஆட்டத்தை எவரும் நினைப்பதில்லை. ஆயினும், 1895இல் தோன்றிய கோடைக்கானல் கோல்ப் சங்கத்தின் ஆடுகளம் நம் மாவட்டத்து மலைமுடியிலேதான் உள்ளது. சமவெளியின் வெயிலுக்கு அஞ்சிய வெள்ளையர், அம்மையநாயக்கனூரில் இரயிலை விட்டிறங்கி, மாட்டுவண்டியில் அடிவாரம் சேர்ந்து, கூலியாட்களின் தோளேறி மலைக்குச் சென்ற காலம் அது. சுமந்தவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

ஆடுகளம் அமைப்பதும் ஒரு கலையே. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் கடற்கரையின் பழங்களத்தைத் தொடக்கத்தில் வரைந்தவர் எவருமிலர். காற்றும் மணலும் மேய்ந்த ஆடுகளும் சேர்ந்து அதனை ஆக்கின. காற்றுக்கு ஒதுங்கிய ஆடுகள் பறித்த பள்ளங்களே மணற்குழிகள் ஆயின என்பர். 1764இல் அங்கே 22 குழிகள் 18 ஆகக் குறைக்கப்பட்டன; அதுவே பின்னர் உலக வழக்காயிற்று.

அலிஸ்டர் மெக்கன்சி தொழிலால் மருத்துவர். போயர் போரில் பணிபுரிந்தபோது, போயர் வீரர் தம் பதுங்குகுழிகளை நிலத்தோடு நிலமாய் மறைத்த திறத்தைக் கண்டு வியந்தார். அப்பாடத்தைக் களத்திற்குக் கொணர்ந்தார். 1920இல் நூலாகவும் எழுதினார். மனிதன் வெட்டிய மேடும் பள்ளமும் இயற்கை செய்தனவாகவே தோன்றவேண்டும் என்பது அவர் கொள்கை. பாபி ஜோன்ஸுடன் சேர்ந்து அவர் அமைத்த அகஸ்டா களம் 1933இல் திறக்கப்பெற்றது. எழுதியவன் பட்ட பாடு தெரியாத வரியே நல்ல வரி என்றறிந்த கவிஞர்க்கு இக்கொள்கை புதிதன்று.

பழனிமலையின் உச்சியோ, வரைபவன் வருமுன்னரே சோலையும் புல்வெளியுமாய் அலையலையாகக் கிடந்த நிலம். அப்புல்லைத் தரிசெனக் கருதியோர் அதில் சீகையும் தைலமரமும் பைனும் நட்டனர். நாற்பதாண்டுகளில் அம்மலைப் புல்வெளியின் மூன்றில் இரு பங்கு மறைந்ததென 2018இல் வெளியான ஆய்வொன்று கூறுகிறது. ஆடுகளத்தில் வெட்டிச் சீராக்கிய புல், மலைப்புல்லுக்கு ஈடாகாது. ஆனாலும் மேய்ச்சல் தேடும் காட்டுமாடுகள் அங்கும் வருகின்றன. இழப்பு மலையோடு நிற்பதன்று. அங்கே பிறக்கும் மஞ்சளாறும் மருதாநதியும் இறங்கி வருவது நம் வயல்களுக்கே.

குறிஞ்சிப் பூவைப் பாடிய நாம், அது வேரூன்றும் புல்லைப் பாட மறந்தோம். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மலரும் நீலக்குறிஞ்சிக்கு முன், பத்தாண்டு கண்ட நம் வட்டம் இன்னும் ஒரு பூப்பின் வயதை எட்டவில்லை. அடுத்த பூப்பு 2030இல் வரவேண்டும். அப்போது பாடுவதற்குக் கவிஞர் இருப்பர். பூப்பதற்கு நிலமும் இருக்கவேண்டும்.