மேயருக்கு ஓட்டுக் கேட்ட மூன்று தேர்தல்கள்

2021 அக்டோபரில் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, கல்பாக்கத்தை ஒட்டிய புதுப்பட்டினம், சதுரங்கப்பட்டினம் ஊராட்சிகளின் மக்கள் தங்கள் தலைவரைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். தலைவர் பதவிக்கு நின்றவர் ஒவ்வொரு தெருவுக்கும் வந்து, தன் சின்னத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்க வேண்டியிருந்தது. நான்கு மாதம் கழித்து, 2022 பிப்ரவரி 19 அன்று, இதே மாவட்டத்தின் ஒரே மாநகராட்சியான தாம்பரத்தில் வாக்குப்பதிவு நடந்தது. அங்கே வாக்காளர் கையில் இருந்தது வார்டு கவுன்சிலருக்கான ஓட்டு மட்டுமே. ஆளும் கட்சி தன் மேயர் வேட்பாளர்களின் பட்டியலை மார்ச் 3 அன்றுதான் வெளியிட்டது. மறுநாள் மன்றக் கூடத்தில் மேயர் தேர்வு நடந்து முடிந்தது. 25 வயது வசந்தகுமாரி மேயரானார். பட்டியலினப் பெண்களுக்கென ஒதுக்கப்பட்ட அந்தப் பதவிக்கு ஓர் இளம்பெண் வந்தது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் 70 வார்டு மக்களில் ஒருவரும் அவரை மேயராக எண்ணி ஓட்டுப் போடும் வாய்ப்பைப் பெறவில்லை. ஊர் நகரமாக வளர வளர, தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மக்களிடமிருந்து விலகிப்போகிறது என்பதே என் வாதம்.

இந்த விலகலுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1688இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் மாநகராட்சியை நிறுவியபோது, 12 ஆல்டர்மேன்களும் 60 பர்கெஸ்களும் கொண்ட மன்றம் அமைந்தது. முதல் மேயர் நத்தானியேல் ஹிக்கின்சன் சாசனத்திலேயே நியமிக்கப்பட்டவர். அவருக்குப் பின் வந்தவர்களும் ஆண்டுதோறும் அந்த மன்றத்துக்குள்ளிருந்தே வந்தார்கள். 1933இல் மேயர் பட்டம் மீண்டும் வந்து ராஜா முத்தையா செட்டியார் அதை ஏற்றபோதும், கவுன்சிலர்கள் கூடி ஓராண்டுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் வழக்கமே இருந்தது. அந்த முறையைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. 1939இல் அப்படித் தேர்வான சத்தியமூர்த்தி, சென்னையின் தண்ணீர்த் தட்டுப்பாட்டைத் தீர்க்கப் பூண்டி நீர்த்தேக்கத் திட்டத்துக்குப் போராடினார். 1944இல் பணி முடிந்தபோது அவர் உயிரோடு இல்லை. இன்றும் அந்த ஏரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மறைமுகத் தேர்தலுக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. ஆனால் அன்று ஓட்டுரிமையே வரி கட்டியவர்களுக்கும் சொத்துள்ளவர்களுக்கும்தான். நகர மக்கள் எல்லோரும் சேர்ந்து மேயரைத் தேர்ந்தெடுப்பது என்ற வழியே அப்போது திறந்திருக்கவில்லை. வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு வந்த பிறகும் பழைய வழக்கத்தைத் தொடர வேண்டிய தேவை என்ன?

1973இல் சென்னை மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது. 23 ஆண்டுகள் தேர்தலே இல்லை, அதிகாரிகள் நிர்வகித்தார்கள். 1996இல்தான் மேயருக்கென்று மக்களிடம் நேரடியாக ஓட்டுக் கேட்ட முதல் தேர்தல் வந்தது, மு.க. ஸ்டாலின் வென்றார், 2001இலும் வென்றார். 2002இல் சட்டமன்ற உறுப்பினர், மேயர் என ஒருவர் இரண்டு பதவிகள் வகிக்கக் கூடாது என்று சட்டம் வந்தபோது மேயர் பதவியை விட்டார். 2006இல் முறை மறைமுகமானது. மா. சுப்பிரமணியன் கவுன்சிலர்களால் மேயரானார். 2011இல் மீண்டும் நேரடி, சைதை துரைசாமி வென்றார். 2016இல் மறுபடி மறைமுகம். இடையில் நேரடிக்குத் திரும்பி, 2019 நவம்பரில் அவசரச் சட்டம் வழியாக மறைமுகத்தில் வந்து நின்றது. இரண்டு பெரிய கட்சிகளும் ஆட்சியில் இருந்தபோது இதை மாற்றியிருக்கின்றன. நகராட்சித் தலைவரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை 74ஆவது அரசமைப்புத் திருத்தம் மாநிலச் சட்டமன்றத்திடம் விட்டுவிட்டது. அந்த இடைவெளியில் விதி தேர்தலுக்குத் தேர்தல் புரண்டிருக்கிறது. மேயர் வேட்பாளர் என்று ஒருவர் சென்னைத் தெருவில் நடந்து வந்தது, இத்தனை ஆண்டுகளில் மூன்றே முறை.

மேயர் ஒரு கட்சி, மன்றம் இன்னொரு கட்சி என்று அமைந்தால் நிர்வாகம் முடங்கும் என்பார்கள். இது பொருட்படுத்த வேண்டிய கவலைதான். ஆனால் மறைமுக முறை அந்த மோதலை ஒழித்ததா? 2024 ஜூலையில் கோவை, நெல்லை மேயர்கள் பதவி விலகினார்கள். நெல்லையில் தம் கட்சிக் கவுன்சிலர்களோடே பிணக்கு முற்றி, அந்த ஆண்டு தொடக்கத்திலேயே நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்திருந்தது. அதே ஜூலையில் செங்கல்பட்டின் பக்கத்து மாவட்டமான காஞ்சிபுரத்திலும் மேயர் மீது தீர்மானம் வந்து, கவுன்சிலர்கள் கூட்டத்துக்கு வராததால் தோற்றது. மோதல் போகவில்லை, மக்கள் பார்வைக்கு எட்டாத இடத்துக்கு நகர்ந்திருக்கிறது, அவ்வளவே. நேரடித் தேர்தலில் பணம் பாயும், எளியவர் நிற்க முடியாது என்பது அடுத்த வாதம். பணம் பாய்வது உண்மை. எனினும் 2011இன் நேரடித் தேர்தலில்தான் நெல்லையில் விஜிலா சத்தியானந்தும் தூத்துக்குடியில் சசிகலா புஷ்பாவும் நகரம் முழுவதிலும் ஓட்டு வாங்கி மேயர்களானார்கள். பெண்ணோ பட்டியலினத்தவரோ பதவிக்கு வருவதை உறுதிசெய்வது இடஒதுக்கீடு. அது நேரடித் தேர்தலிலும் அப்படியே செல்லும். நகரம் முழுவதன் ஓட்டையும் பெற்று வந்தவரை, கவுன்சிலர் குழு எதுவும் எளிதில் மிரட்டிவிட முடியாது. இன்னும் சிலர், செயலாட்சி அதிகாரம் ஆணையரிடம் இருக்கும்போது மேயரை யார் தேர்ந்தெடுத்தால் என்ன என்கிறார்கள். அது மேயருக்கு அதிகாரம் கேட்பதற்கான காரணமே தவிர, மக்களின் ஓட்டைப் பறிப்பதற்கான காரணம் அல்ல.

கல்பாக்கம் கரைக்கு இது தொலைதூரச் செய்தி அன்று. அணுநகரியத்தை அணுசக்தித் துறையின் அமைப்பே பராமரிக்கிறது. அதைச் சுற்றிய ஊராட்சிகள் கிழக்குக் கடற்கரைச் சாலையோடு நகரமாகிக்கொண்டிருக்கின்றன. நாளை இவை பேரூராட்சியாகவோ நகராட்சியாகவோ தரம் உயர்ந்தால், இன்றைய சட்டப்படி தலைவருக்கு ஓட்டுப் போடும் உரிமையை புதுப்பட்டினத்தார் அன்றே இழப்பார்கள். 2022 மார்ச்சில் பொறுப்பேற்ற நகர மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027இல் முடிகிறது. அடுத்த நகர்ப்புறத் தேர்தலுக்கு முன்பே சட்டமன்றம் நேரடித் தேர்தலைச் சட்டமாக்க வேண்டும். இனி எந்த ஆட்சியும் அவசரச் சட்டத்தால் அதைப் புரட்ட முடியாதபடி, அரசமைப்பிலேயே அதற்கு இடம் தேட வேண்டும். இந்தக் கோரிக்கையைத் தங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் முன்வைக்க வேண்டியவர்களில், தலைவரை இன்னும் தாங்களே தேர்ந்தெடுக்கும் இக்கரையின் ஊராட்சி மக்களும் அடக்கம்.