சென்னைக் கவர்னரின் குறிப்பும் சீமையினின்று வந்த ஆணையும்

பழைய அரசாங்கக் கடிதங்கள் என்றாலே புழுதி படிந்த கட்டுகள் என்று நம்மவர் பலர் ஒதுக்கிவிடுகின்றனர். அவற்றுள் ஒரு தொகுதி நம் முன்னோரின் மடியிலிருந்த காசைப் பற்றியது. ஆதலின் அதன் வரலாற்றை ஈண்டு அன்பர்கட்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

1857ஆம் ஆண்டில் எழுந்த பெருங்கலகத்தின்போது சென்னை இராஜதானி பெரும்பாலும் அமைதியாகவே இருந்தது. ஆயினும் கலகத்தை அடக்கிய செலவு எல்லா மாகாணத்தார் தலைமீதும் விழுந்தது. மூன்றாண்டுகளில் நேர்ந்த துண்டு ஏறக்குறைய 3 கோடி பவுன். இதனைச் சரிக்கட்டுதற்கென்றே ஜேம்ஸ் வில்சன் துரை சீமையிலிருந்து வருவிக்கப்பட்டார். 1843இல் 'எகானமிஸ்ட்' பத்திரிகையை நிறுவியவர் இவரே. 1860 பிப்ரவரி 18ஆம் நாள் கல்கத்தாவில் தம் திட்டத்தை வெளியிட்டார். வருமான வரி, தொழில்களுக்கு லைசென்சு வரி, உள்நாட்டுப் புகையிலைக்கு வரி என வரிகள் மூன்று. ஆண்டுக்கு 200 ரூபாய் ஈட்டுவோனும் வருமான வரிக்குத் தப்பான். 500 ரூபாய் வரை நூற்றுக்கு 2, அதற்கு மேல் நூற்றுக்கு 4 என்று விகிதம் வகுக்கப்பட்டது.

அப்போது சென்னைக் கவர்னராயிருந்தவர் சர் சார்லஸ் டிரெவெலியன். மெக்காலே பிரபுவின் மைத்துனர். ஐர்லாந்துப் பஞ்சத்தின்போது இலண்டன் கஜானாவில் அமர்ந்து கையை இறுக்கிப் பிடித்தவர் என்ற பழி இவர்மீது உண்டு. அப்பழியைத் துடைப்பது நம் வேலையன்று. ஆனால் சென்னைக்கு வந்தபின் இந்நாட்டுக் குடிகளின் நிலையை அவர் அறிந்துகொண்டார் என்பதை மறுத்தற்கில்லை.

1860 மார்ச்சு 4ஆம் நாள் சென்னை அரசாங்கம் புதிய வரிகளைத் தான் எதிர்ப்பதாகக் கல்கத்தாவுக்குத் தந்தி அடித்தது. மறைகுறியில் அன்று, வெளிப்படையான தந்தி! தந்தி ஆபீசுக் குமாஸ்தா முதல் யாவரும் படிக்கத்தக்கது. கல்கத்தா சினந்தது. குடிகளின் மனம் இன்னும் அடங்காத காலத்தில் இத்தகைய செய்தியை வெளிப்படையாக அனுப்பலாமோ என்று 9ஆம் நாள் கண்டனக் கடிதம் புறப்பட்டது. சட்டசபையிலிருந்த சென்னைப் பிரதிநிதி தம் அரசாங்கத்தின் கருத்தை ஆங்கு எடுத்து வைக்கவும் தடை விதிக்கப்பட்டது. கேட்கவும் மாட்டோம், பேசவும் விடோம் என்றால் ஒரு மாகாண அரசாங்கம் என் செய்வது?

அம்மாதத்திலேயே டிரெவெலியன் விரிவான குறிப்பொன்று வரைந்தார். முதலில் இராணுவச் செலவைக் குறையுங்கள், வரி பிறகு ஆகட்டும் என்பது அதன் சாரம். சட்டசபையிற் குடிகளுக்கு இடமே இல்லாத நாட்டில், வீடு புகுந்து வருமானத்தை வினவும் வரி கொடுமைக்கே வழியாகும் என்பதும் அவர் அச்சம். இது வெற்றச்சமன்று. வரி வசூலில் நடந்த சித்திரவதைகளை ஆராய்ந்த கமிஷனின் அறிக்கை இதே இராஜதானியில் 1855இல் வெளிவந்திருந்தது. தறிக்கும் கடைக்கும் வரி கொடுத்துப் பழகிய நம்மனோர்க்கு, வசூலிக்க வரும் சேவகனின் குரல் எத்தகையது என்று பிறர் சொல்ல வேண்டுவதில்லை.

அக்குறிப்பைக் கவர்னரே சென்னைப் பத்திரிகைகளில் வெளிவரச் செய்தார். அதுவே அவர் பதவிக்குக் கூற்றாயிற்று. கவர்னரும் மேலரசாங்கமும் தமக்குள் எத்துணை மாறுபட்டாலும் அது கடிதக் கட்டுக்குள் அடங்க வேண்டும் என்பது அக்கால நியதி. இந்தியா மந்திரி சர் சார்லஸ் உட் அவரைத் திரும்பி வருமாறு ஆணையிட்டார். பிரதம மந்திரி பாமர்ஸ்டன் பிரபு பார்லிமெண்டில் அவர் தகுதியைப் புகழ்ந்தவாறே அச்செயலைக் கண்டித்தார். வரியைப் பற்றி அவர் சொன்னது தவறென்று நிறுவி அவரை நீக்கவில்லை என்பதை அன்பர்கள் கருதுக. சொன்னது ஊரறியச் சொன்னதே குற்றம். எம் கருத்து வேறு. அக்குறிப்பு வெளிவராதிருந்தால், தம் பொருட்டுக் கோட்டைக்குள் ஒருவர் வாதாடினார் என்பதைச் சென்னைக் குடிகள் அன்று அறிந்திருக்கவே மாட்டார்கள்.

அவருக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த கவர்னர் சர் ஹென்றி வார்டு 1860 ஆகஸ்டு 2ஆம் நாள் சென்னையில் வாந்திபேதியால் இறந்தார். 11ஆம் நாள் வில்சனும் கல்கத்தாவில் மாண்டார். வருமான வரியோ ஐந்தாண்டுக்கென்று சட்டமாகி நிலைத்தது. லைசென்சு வரியும் புகையிலை வரியும் கைவிடப்பட்டன.

இதன்பின் நிகழ்ந்தது விந்தையே. நீக்கப்பட்ட டிரெவெலியனையே 1862இல் மீண்டும் கல்கத்தாவுக்கு அழைத்து, வில்சன் வகித்த நிதி மந்திரி பதவியை அளித்தனர். அவர் காலத்திலேயே, 1865இல், தவணை முடிந்த வருமான வரி நீட்டிக்கப்படாமல் ஒழிந்தது. நான்கே ஆண்டுகளில், 1869இல், அது மறுபடியும் வந்தது. அப்போது டிரெவெலியன் இந்தியாவில் இல்லை.