பிக்கப் டிரக்கும் கண்ணாடியில் ஒட்டின தாளும்

அமெரிக்காவுல புதுசா ஒரு பிக்கப் டிரக் வாங்கப் போறீங்கன்னு வைங்க. ஷோரூம்ல வண்டியோட ஜன்னல் கண்ணாடியில ஒரு தாள் ஒட்டியிருக்கும். அடிப்படை விலை, கூடுதல் வசதிகளோட விலை, ஷோரூமுக்குக் கொண்டுவந்த செலவு, மொத்தம். பேரம் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். அந்தத் தாளுக்குப் பேரு மன்ரோனி ஸ்டிக்கர்.

1950கள்ல கார் பேரம்ங்கிறது, மாட்டுச் சந்தையில துண்டுக்குள்ள கைவிட்டு விலை பேசுற மாதிரிதான். டீலர் முதல்ல விலையை இஷ்டத்துக்கு ஏத்தி வைப்பார். அப்புறம் "உங்க பழைய வண்டியை நல்ல விலைக்கு எடுத்துக்கறேன்"னு சொல்லி, ஏத்தின பணத்துல கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுப்பார். வாங்குறவருக்கு ஜெயிச்சுட்ட சந்தோஷம். ஆனா அவர் பணம்தான் சுத்திச் சுத்தி அவர்கிட்டயே வந்திருக்கு!

ஓக்லஹோமா செனட்டர் மைக் மன்ரோனி இதுக்கு எதிரா ஒரு சட்டம் கொண்டுவந்தார். 1958ல அது நிறைவேறுச்சு. அந்தச் சட்டம் விலையைக் கட்டுப்படுத்தல. உற்பத்தியாளர் சொல்ற விலை எவ்வளவுன்னு வாங்குறவர் கண்ணுக்குத் தெரியணும், அவ்வளவுதான்.

இங்கதான் ஒரு ட்விஸ்ட். சட்டத்துல 'ஆட்டோமொபைல்'னா பயணிகள் காரும் ஸ்டேஷன் வேகனும் மட்டும்தான். பிக்கப் அந்த வரையறைக்குள்ள வரல. அன்னைக்கு அது பெரும்பாலும் பண்ணைக்கும் தொழிலுக்கும் ஓடின வண்டி. இன்னைக்கு அது குடும்ப வண்டி, அமெரிக்காவுல பல வருஷமா விற்பனையில முன்னணியில இருக்கிறதும் பிக்கப்தான். கம்பெனிகள் அதுக்கும் அதே மாதிரி ஸ்டிக்கர் ஒட்டுறாங்க. பல டீலர்கள் பக்கத்துலயே இன்னொரு தாளும் ஒட்டுவாங்க: பெயின்ட் பாதுகாப்பு, ஜன்னல் டின்ட், இன்னும் என்னென்னமோ. அது டீலரோட சொந்தக் கணக்கு. முதல்ல கேள்வி கேட்க வேண்டிய தாள் அதுதான்.

சரி, ஸ்டிக்கர் இருந்தா எல்லாருக்கும் ஒரே விலை கிடைச்சுதா? சிகாகோ பகுதியில இயன் அயர்ஸ், பீட்டர் சீகல்மன்னு ரெண்டு பேர் சோதிச்சுப் பார்த்தாங்க. முன்னூறுக்கும் மேற்பட்ட பேரங்கள். வாங்கப் போனவங்க எல்லாருக்கும் ஒரே பயிற்சி, ஒரே பேர உத்தி. 1995ல முடிவு வெளியாச்சு. வெள்ளைக்கார ஆண்களுக்குச் சொன்ன விலையை விட கறுப்பினத்தவங்களுக்குச் சொன்ன விலை அதிகம். அதிலயும் கறுப்பின ஆண்களுக்குத்தான் ரொம்ப அதிகம். பேசினது அதே பேச்சுதான், ஆள்தான் வேற.

2003ல இன்னொரு ஆய்வு வந்துச்சு. இன்டர்நெட் வழியா விலை கேட்டு வாங்கினவங்ககிட்ட அந்த இடைவெளி கிட்டத்தட்ட காணாமப் போயிருந்தது. முகம் தெரியல, கையில தகவல் இருக்கு.

எனக்கு இதுல புரியறது ஒண்ணுதான். நியாய விலைங்கிறது வாய்ச் சாமர்த்தியத்துக்குக் கிடைக்கிற பரிசுன்னு நாம நினைச்சுக்கறோம். அதனாலதான் ஏமாந்தா நமக்குப் பேசத் தெரியலன்னு நம்மையே திட்டிக்கிறோம். ஆனா யார் கையில எந்த எண் இருக்குங்கிறதுதான் பேரத்தைத் தீர்மானிக்குது.

அதனால பிக்கப் வாங்கப் போற நண்பருக்கு இதைச் சொல்லுங்க. வரி, கட்டணம் எல்லாம் சேர்த்து கடைசி விலை என்னன்னு நாலு டீலர்கிட்ட எழுத்துல கேளுங்க. பழைய வண்டி பேச்சைத் தனியா வைங்க. மாசத் தவணையைப் பத்திப் பேச்செடுத்தா, மொத்த விலைக்கே திரும்பி வாங்க.