எண்ணெய் படிந்த மண், பயிர்களில் கன உலோகம்: நைஜர் கழிமுகம்

நைஜீரியாவின் தெற்கே, நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் உள்ள ஒலோயிபிரியில் 1956-இல் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. குழாய் உடைந்தும் கசிந்தும், திருட்டின்போதும் சிந்திய கச்சா எண்ணெய் அதன்பின் கழிமுகத்து வயல்களில் ஊறிக் கிடக்கிறது. அங்குள்ள ஓகோனி பகுதியை ஆராய்ந்த ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம், 49 இடங்களில் 5 மீட்டர் ஆழத்துக்கும் எண்ணெய் இறங்கியிருப்பதை 2011 அறிக்கையில் பதிவு செய்தது. சீரமைப்பில் முதன்மையாக அளக்கப்படுவது மண்ணில் எஞ்சும் ஹைட்ரோகார்பன். அது குறைந்துவிட்டால் நிலம் உழவுக்கு உகந்தது என்று கொள்வது சரியல்ல. அந்த மண்ணில் விளையும் கிழங்கிலும் கீரையிலும் உள்ள உலோகத்தையும் அளந்தாக வேண்டும். ஹைட்ரோகார்பனை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கும்; ஈயத்தையும் காட்மியத்தையும் எந்த உயிரும் சிதைப்பதில்லை.

நைஜீரிய எண்ணெய் இலேசானது, அதில் உலோகம் குறைவு, ஆகவே பயிரில் காணும் உலோகத்துக்கு எண்ணெய் பொறுப்பல்ல என்று வாதிடுவோர் உண்டு. முதற்பாதி உண்மை. கச்சா எண்ணெயோடு வருபவை பெரும்பாலும் நிக்கலும் வனேடியமும்தான். இங்கே அவையும் சொற்பம். ஆனால் எண்ணெய்த் தொழில் கச்சா எண்ணெயை மட்டும் கொண்டுவரவில்லை. கிணறு துளையிடும் சேற்றில் கலக்கும் பாரைட் கனிமத்தில் ஈயமும் காட்மியமும் மாசாக இருக்கும். எரிவாயுச் சுடரும், காட்டுக்குள் கள்ளத்தனமாக எண்ணெய் காய்ச்சும் உலைகளும் கரியைக் கக்குகின்றன; அதனோடு உலோகமும் இலைகளில் படியலாம். இதைவிட முக்கியமானது, மண்ணில் ஏற்கெனவே இருந்த உலோகத்தை எண்ணெய் கிளப்பிவிடுவது. எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டால், ஈர மண்ணில் இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகள் கரையத் தொடங்கும். அவற்றில் ஒட்டியிருந்த உலோகங்கள் மண்நீரில் இறங்கும். மழை மிகுந்த கழிமுகத்தின் மண் இயல்பாகவே புளிப்பானது. புளித்த மண்ணில் காட்மியமும் நிக்கலும் எளிதில் வேருக்குள் போகும்.

இன்னொரு மறுப்பு கனமானது. ஆய்வுகள் பல உலர் எடையில் அளந்துவிட்டு, கோடெக்ஸ் எனும் சர்வதேச உணவுத் தரம் பச்சை எடைக்கு வகுத்த வரம்போடு ஒப்பிடுகின்றன. கீரையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். உலர்ந்த கிலோவுக்கு 2 மில்லிகிராம் ஈயம் என்றால் பச்சையில் 0.2 மட்டுமே, கீரைக்கான 0.3 வரம்புக்குள்தான். இந்தத் திருத்தத்தை ஏற்கத்தான் வேண்டும். ஆனால் மரவள்ளியில் கணக்கு வேறு. கிழங்கைத் தோல் சீவித் துருவி, சாக்கில் கட்டிப் புளிக்கவைத்து, பாரம் ஏற்றிப் பிழிந்து, அகன்ற சட்டியில் வறுத்தால் காரி எனும் நொய் கிடைக்கிறது. ஒரு கிலோ காரிக்கு மூன்று நான்கு கிலோ கிழங்காவது வேண்டும். கிழங்கில் இயல்பாக உள்ள சயனைடு நச்சு இந்தப் பக்குவத்தில் பெரும்பாலும் போய்விடும். உலோகத்தில் ஒரு பகுதி தோலோடும் பிழிநீரோடும் போகலாம், மிச்சம் வறுபடும்போது செறிகிறது. அன்றாடம் வயிறு நிரம்ப உண்ணப்படுவதும் இந்தக் காரிதான்.

ஆகவே சோதனை ஒரே வயலின் கிழங்கிலும், காரியிலும், உகு எனப்படும் கொடிக்கீரையிலும் நடக்க வேண்டும். கீரையைக் கழுவும் முன்னும் பின்னும் அளப்பது பயன் தரும். கழுவியதும் ஈயம் வெகுவாகக் குறைந்தால் அது மேலே படிந்த கரியோ தூசியோ; கரியென்றால் உலைகளையும் சுடரையும் நிறுத்துவதே வழி. கழுவியும் குறையாத காட்மியம் பெரும்பாலும் வேர் வழியாக வந்தது. அந்த வயலில் சுண்ணாம்பு இட்டு மண்ணின் புளிப்பைக் குறைத்தால் பயிர் அதை உறிஞ்சுவது மட்டுப்படும்.