துவக்கும் ஊவா மலையும்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாகக் கிழக்கே ஏறிவரும் நெடுஞ்சாலை பெரகலச் சந்தியில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை அப்புத்தளை, பண்டாரவளை, ஹாலி-எல என்று மலைமேல் சென்று பதுளையை நாடுகிறது. மற்றது கொஸ்லந்தையைக் கடந்து வெல்லவாயச் சமவெளிக்கு இறங்குகிறது. சந்தியின் ஓரத்தில் நின்று தெற்கே பார்த்தால், வானம் தெளிந்த நாளில், கண்ணுக்கெட்டிய தூரம் வரை தாழ்நிலம் விரிந்து கிடக்கும். முதுகுப்புறம் தேயிலை. ஆனி ஆடி மாதங்களில் அந்த இடத்தில் நிற்பவனைக் காற்று தள்ளிவிடும். நெடுந்தூரம் குறி தவறாமல் சுடவல்ல துவக்கின் கதையை எழுதப் புகுந்தவன் இந்தச் சந்தியிலிருந்து தொடங்குவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் அந்தக் கதையின் பல ஏடுகள் இந்தச் சந்தியைச் சுற்றியுள்ள சில மைல்களுக்குள்ளேயே கிடக்கின்றன.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழகத்தார் துப்பாக்கி என்கின்றனர். நாம் துவக்கு என்கிறோம். சிங்கள மக்கள் துவக்குவ என்கின்றனர். மூன்றும் ‘துஃபெக்’ என்னும் துருக்கிச் சொல்லின் வழிவந்தவை. பெயர் கப்பலேறி வந்தது உண்மை. அதைச் செய்யத் தேவையான இரும்போ, இரும்பறிந்த கையோ கப்பலேறி வரவேண்டிய நிலை இங்கே இருக்கவில்லை.

பெரகலைக்கு மேற்கே, மலையடிவாரத்தில், சமனலவாவிப் பகுதியில் கில் ஜுலெஃப் என்ற ஆய்வாளர் நடத்திய அகழ்வுகளின் முடிவு 1996இல் வெளியாயிற்று. கி.பி. ஏழாம் நூற்றாண்டிலிருந்து பதினோராம் நூற்றாண்டு வரை, மேற்கு நோக்கிய சரிவுகளில் உலைகளை வரிசையாகக் கட்டி, துருத்தியின்றி, தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இரும்பு உருக்கியிருக்கிறார்கள் இந்த மலைவாசிகள். அவ்வுலைகளைப் போலவே ஒன்றைக் கட்டி உருக்கியும் காட்டினார் அவர். உயர்தர உருக்கு கிடைத்தது. பலாங்கொடைப் பக்கத்து அளுத்நுவரையில் மூசையிலிட்டு உருக்குச் செய்யும் தொழிலறிவு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஒருசிலரிடம் எஞ்சியிருந்தது. ஆனந்த குமாரசுவாமி அதைக் கண்டு, 1908இல் வெளியிட்ட தம் நூலில் எழுதிவைத்தார். அவர் எழுதியது ஒரு தொழிலின் இறுதி நாட்களைப் பற்றி என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இத்தகைய மண்ணில் துவக்குத் தொழில் வேரூன்றியதில் வியப்பில்லை. தாங்கள் வந்திறங்கிய காலத்தில் இத்தீவில் ஒரு துவக்குகூட இருக்கவில்லை என்றும், பின்னர் இடையறாத போரினால் இந்நாட்டார் தங்களுடையதைவிடச் சிறந்த துவக்குகளைச் செய்யக் கற்றுக்கொண்டனர் என்றும், அவை இருபதினாயிரத்துக்கு மேல் இருந்தன என்றும் போர்த்துக்கீச வரலாற்றாசிரியர் கூட்டோ எழுதினார். எதிரி தரும் நற்சான்று. சற்று மிகையாகவும் இருக்கலாம். எனினும் அருங்காட்சியகங்களில் இருக்கும் சிங்களத் துவக்கைக் கண்டவர்கள் அது வெறும் போலச்செய்தல் அன்று என்பதை உணர்வர். பெரும்பாலான நாடுகளின் துவக்குகளில் தீப்பொறி எழுப்பும் பொறி வலப்பக்கம் இருக்கும். இங்கே அது இடப்பக்கம். கொல்லன் தானே சிந்தித்துச் செய்த மாற்றத்தின் அடையாளம் அது. மூன்று மரக்கால்களின்மேல் வைத்துச் சுடும் சிறு பீரங்கியைக் கொடித்துவக்கு என்றனர். இன்றும் சிங்கள மக்களிடையே அது ஒரு குடும்பப் பெயர். 1765இல் கண்டி அரண்மனையிலிருந்து ஒல்லாந்தர் கொள்ளையிட்டுச் சென்ற லெவ்கே திசாவையின் பீரங்கியும், இரு பெருந்துவக்குகளும், வாள்களும் 2023 டிசம்பரில்தான் திரும்பி வந்தன.

அந்தக் கொல்லனின் துவக்கில் ஒரு குறை இருந்தது. அது அவனுடைய குறையன்று, அவன் காலத்துப் பொருளாதாரத்தின் குறை. ஒவ்வோர் உறுப்பையும் அவன் அரத்தால் ராவி, அந்த ஒரு துவக்குக்கு மட்டுமே பொருந்தும்படி செய்தான். ஒன்றின் குதிரை மற்றொன்றில் பொருந்தாது. பழுதானால் அதே கொல்லனிடமோ அவன் மகனிடமோதான் போகவேண்டும். ஐரோப்பாவிலும் நீண்ட காலம் இதே நிலைதான். அமெரிக்க ஆயுதச்சாலைகளில் இயந்திரங்களால் ஒரே அளவில் உறுப்புகளைக் கடைந்தெடுக்கும் முறை வளர்ந்த பிறகு, 1850களில் ஆங்கிலேயர் அவ்வியந்திரங்களை வாங்கி என்ஃபீல்ட் ஆயுதச்சாலையில் நிறுவினர். அதன் பிறகு ஆயிரம் துவக்குகளின் உறுப்புகளை ஒரே குவியலாகக் கொட்டி, கைக்கு வந்ததை எடுத்துப் பூட்டலாம் என்றாயிற்று. பூட்டுகிறவன் கொல்லனாக இருக்கவேண்டிய தேவையும் ஒழிந்தது.

ஆனால் ஊவாவின் கொல்லன் அந்த இயந்திரத்தோடு போட்டியிட்டுத் தோற்கவில்லை. அவனை அதற்கு முன்பே 1818 வீழ்த்திவிட்டது. 1817இல் ஊவா வெல்லஸ்ஸவில் எழுந்த கிளர்ச்சியில் பதுளையின் ஆங்கில அதிகாரி வில்சன் மாண்டது துவக்கினால் அன்று, அம்பினால். கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட ஊவாத் திசாவை கெப்பெட்டிபொல, மக்களோடு சேர்ந்துகொண்டபோது, ஆங்கிலேயர் கொடுத்த ஆயுதங்களை அவர்களிடமே திருப்பியனுப்பினார். அவர்களுடைய துவக்கைக் கொண்டே அவர்களைச் சுட அவர் மனம் ஒப்பவில்லை. 1818 நவம்பர் 26இல் அவர் தலை வெட்டப்பட்டது. ஊர்கள் எரிக்கப்பட்டன; கால்நடைகள் அழிக்கப்பட்டன; துவக்குகள் பறிக்கப்பட்டன.

அடுத்து இம்மலைக்கு வந்த துவக்கு வேறுவகையானது. குழலின் உட்சுவரில் சுற்றிச்சுற்றிச் செல்லும் வரிப்பள்ளங்கள் வெட்டப்பட்ட ரைபிள். பள்ளத்தைப் பற்றிக்கொண்டு வெளியேறும் குண்டு பம்பரம்போல் சுழல்கிறது. சுழலும் பம்பரம் சாயாததுபோல் சுழலும் குண்டும் வழி பிறழாமல் செல்கிறது. 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் பிரிஸ்டல் நகரத்து கிப்ஸ் என்பவரிடம் செய்வித்த ரைபிள் 21 இறாத்தல் எடை கொண்டது; குழலின் நீளம் 36 அங்குலம்; ஒரு வெடிக்கு ஓர் அவுன்சு மருந்து. அதைச் சுமந்து காட்டில் நடந்தவர்கள் யார் என்று வாசகருக்குச் சொல்லத் தேவையில்லை. துரைக்குப் பின்னே துவக்குச் சுமப்பது அந்நாளில் ஒரு கூலி வேலை.

பதுளையில் அரசாங்க உத்தியோகம் பார்த்த மேஜர் ரொஜர்ஸ் 1,400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றார் என்பது அவர் காலத்தவரே பெருமையோடு சொல்லிக்கொண்ட கணக்கு. 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். அவர் நினைவாகப் பதுளையில் தேவாலயம் எழுந்தது. பாதைகள் வெட்டினார், நல்ல நிர்வாகி என்றும் சொல்கிறார்கள், இருக்கட்டும். இதைத் தனியொருவரின் வெறி என்று மட்டும் கொள்ளுதல் பிழை. யானையைக் கொன்றவர்க்கு அரசாங்கமே வெகுமதி கொடுத்தது. 1848க்கு முந்திய மூன்றாண்டுகளுக்குள் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500க்கு மேல் கொல்லப்பட்டன என்று டெனன்ட் எழுதுகிறார். காட்டை அழித்துக் கோப்பி நடவேண்டியிருந்தது. ரைபிள் காட்டை வெறுமையாக்கியது; கோடரி அதை வெட்டவெளியாக்கியது; கோடரியைப் பிடித்த கைகள் திருச்சி, சேலம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து நடந்துவந்த கைகள்.

இனி தியத்தலாவை. பெரகலையிலிருந்து அப்புத்தளை ஏறி, பண்டாரவளைக்குப் போகும் வழியில் சற்று ஒதுங்கினால் அந்தப் புல்வெளி வரும். 1900 ஆகஸ்டிலிருந்து தென்னாபிரிக்காவின் போயர் கைதிகளை ஆங்கிலேயர் கப்பல் கப்பலாக இலங்கைக்குக் கொண்டுவந்தனர். ஏறத்தாழ ஐயாயிரம் பேர். அவர்களுள் பெரும்பாலோர் தியத்தலாவையின் தகரக் கொட்டகைகளில் அடைக்கப்பட்டனர். உழவர் படை, சீருடை இல்லை. ஆனால் உலகின் மிகப் பெரிய ஏகாதிபத்தியப் படையை 1899 டிசம்பரில் ஒரே வாரத்தில் மூன்று இடங்களில் முறியடித்த படை. அவர்கள் கையில் இருந்தது ஜெர்மன் மவுசர். 1895 முடிவில் ஜேம்சன் என்பவன் அவர்கள் நாட்டுக்குள் படையோடு புகுந்ததன் பின்னர், டிரான்ஸ்வாலின் தலைவர் குரூகர் 37,000 அளவில் அவற்றை வாங்கிக் குவித்திருந்தார். ஐந்து தோட்டாக்களைத் தகட்டில் கோத்துக் கட்டைவிரலால் ஒரே அழுத்தில் இறக்கலாம். புகையற்ற மருந்து, சுடுபவன் எங்கே கிடக்கிறான் என்று தெரியாது.

ஆங்கிலேயர் தங்கள் தோல்விக்குச் சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது. போயர் பிறவி வேட்டைக்காரன், அவன் கண் கழுகுக்கண் என்றார்கள். அதில் ஓரளவு உண்மை இருந்தது. ஆனால் தங்கள் துவக்கைக் கழற்றிப் பார்த்தபோது வேறு உண்மைகளும் வெளிப்பட்டன. தன்னார்வக் குதிரைப்படைக்கு அவசர அவசரமாகக் கொடுக்கப்பட்ட புதிய லீ-என்ஃபீல்ட் ரைபிள்கள் 500 கஜத்தில் 18 அங்குலம் வலப்புறம் விலகிச் சுட்டன. குறிபார்க்கும் முனை இடம் தவறிப் பொருத்தப்பட்டிருந்தது. அதற்கு முந்திய லீ-மெட்போர்டின் நோய் வேறு. அதன் ஏழு வரிப்பள்ளங்களும் ஆழமற்றவை. பழைய கரிமருந்தின் அழுக்கு படியாதிருக்க அப்படி அமைத்தார்கள். பின்னர் கோர்டைட் என்ற புகையற்ற மருந்து வந்தது. அதன் கடுஞ்சூட்டில் பள்ளங்கள் விரைவில் தேய்ந்துபோயின. 1895இல் ஐந்து ஆழமான பள்ளங்கள் கொண்ட என்ஃபீல்ட் குழலுக்கு மாறியது இதனால்தான்.

இவ்விரு பழுதுகளையும் பிரித்தறியும் முறை எளிது, வகுப்பறையில் சொல்லத்தக்கது. சுடுபவனை ஒதுக்கிவிட்டுத் துவக்கை அசையாமல் தாங்கியில் வைத்துப் பல வெடிகள் சுடுகிறார்கள். குண்டுகள் எல்லாம் ஓரிடத்தில் கூடி, ஆனால் குறிக்கு அப்பால் விழுந்தால், பிழை குறிமுனையில். இங்குமங்கும் சிதறினால், பிழை குழலிலோ தோட்டாவிலோ. சுட்டவனின் இனத்தையும் பிறப்பையும் ஆராய்வது இவ்விரண்டுக்கும் பிறகு செய்யவேண்டிய வேலை. அப்போதைய பேச்சு அதை முதலில் செய்தது.

போயரை நாம் வீரராகப் போற்றிவிடவும் வேண்டாம். மண்ணுக்காகப் போராடியவன் அவன். ஆனால் அந்த மண் ஆபிரிக்கக் கருநிற மக்களிடமிருந்து பறித்த மண். துவக்கு வைத்திருக்கும் உரிமையைத் தன் குடியுரிமையின் அடையாளமாகக் கொண்டவன், அவ்வுரிமையைக் கருநிறத்தவனுக்கு மறுத்தான். இதில் ஆங்கிலேயனும் அவனும் ஒரே கட்சி. பசூட்டோ மக்களிடமிருந்து துவக்குகளைப் பறிக்கக் கேப் அரசாங்கம் முயன்றபோது 1880இல் போரே மூண்டது. இந்தியாவில் 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியனுக்கு அனுமதிச்சீட்டு வேண்டும் என்றது, ஐரோப்பியனுக்கு விலக்களித்தது. அதே போயர் போரில், காந்தி திரட்டிய இந்திய மருத்துவத் தொண்டர் படையில் ஏறத்தாழ 1,100 பேர் இருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் நேட்டாலின் கரும்புத் தோட்டத்து ஒப்பந்தக் கூலிகள், தமிழர் பலர். கொலன்சோவில் மவுசர் குண்டுபட்டு வீழ்ந்த வெள்ளைச் சிப்பாய்களைத் தோளில் சுமந்தார்கள். டோலி பிடிக்கலாம், துவக்குப் பிடிக்கலாகாது.

போயர் மக்களின் பெண்டு பிள்ளைகள் 26,000 பேருக்கு மேல் தென்னாபிரிக்கத் தடுப்பு முகாம்களில் நோயாலும் பசியாலும் மாண்டனர். அங்கேயே தனி முகாம்களில் மாண்ட கருநிற மக்களின் கணக்கை யாரும் ஒழுங்காக எழுதிவைக்கவில்லை. போர் முடிந்து கைதிகள் நாடு திரும்பினர். ஆங்கில முடிக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்த எங்கல்பிரெக்ட் என்பவர் அம்பாந்தோட்டையில் தங்கி, யால வனவிலங்குக் காப்பகத்தின் முதல் காவலரானார். பெரகலையிலிருந்து பார்க்கும்போது தென்கிழக்கே தெரியும் அந்தத் தாழ்நிலக் காடுகளின் எல்லைக்கு அப்பால்தான் அவர் எஞ்சிய வாழ்வைக் கழித்தார். சுடத் தெரிந்தவன் சுடுபவரைத் தடுக்க நின்றான்.

போயர் கைதிகள் வந்த அதே 1900இல் தோட்டத்துரைமார் தங்களுக்கென்று ஒரு படை அமைத்தனர்: இலங்கைத் தோட்டத்துரைமார் ரைபிள் படை. ஐரோப்பியர் மட்டும். 1914இல் அதன் ஒரு பிரிவு எகிப்துக்கும், பின்னர் கலிப்பொலிக்கும் சென்றது. 1915 கலவரத்தின்போது இராணுவச் சட்டத்தின்கீழ் ஐரோப்பியத் தொண்டர்கள் விசாரணையின்றி மக்களைச் சுட்ட கதையைப் பொன்னம்பலம் இராமநாதன் சட்டசபையில் எடுத்துரைத்தார். 1916இல் நூலாகவும் வெளியிட்டார். அவ்வாண்டே 33ஆம் இலக்கத் துவக்குச் சட்டம் வந்தது. உரிமச்சீட்டு இன்றித் துவக்கு வைத்திருத்தல் குற்றம். சட்டத்தில் நிறம் இல்லை. ஆனால் ஊவாத் தோட்டங்களில் துவக்கு எங்கே இருந்தது? பங்களாவில். அதற்கு எண்ணெய் பூசித் துடைப்பவன் அப்பு. லயத்தில் இருந்தவனுக்குக் கவ்வாத்துக் கத்தி. அவன் காய்கறிப் பாத்தியைக் காட்டுப்பன்றி கிளறினால், கிராமத்துக் கொல்லன் களவாய்ச் செய்த கட்டுத்துவக்குத்தான் கிடைக்கும்; அது பன்றியையும் மனிதனையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. 1971 ஏப்ரல் 5 விடியலில் வெல்லவாயப் பொலீஸ் நிலையத்தைத் தாக்கிய சிங்கள இளைஞர் கையிலும் வேட்டைத் துவக்குகளும் நாட்டுக் குண்டுகளுமே இருந்தன. அவர்களுடைய அரசியல் வகுப்புகள் தோட்டத் தமிழனைத் தோழனாக எண்ணவில்லை என்பது வேறு வேதனை.

1940 ஜனவரி 10ஆம் நாள், முல்லோயாத் தோட்டத்தில், ஒரு நாளைக்கு 16 சதம் கூடுதல் கூலி கேட்ட போராட்டத்தின்போது, பொலீஸ் துவக்கு கோவிந்தன் என்ற தொழிலாளியைக் கொன்றது. அங்கே நெடுந்தூரமும் இல்லை, குறிபார்க்கும் முனைக்கு வேலையும் இல்லை. கோவிந்தனின் மனைவிக்காக விசாரணைக் குழுவின் முன் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். வேலைநிறுத்த அலை தோட்டம் தோட்டமாக ஏறி, மே மாதத்தில் ஊவாவை அடைந்தது. வேவெஸ்ஸத் தோட்டத்தில் தொழிலாளர் தங்களுக்குள் ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தனர். அச்சபையைக் கலந்தே தோட்டத்தை நடத்துவதாகத் துரை இணங்கவேண்டியதாயிற்று. ‘சட்டமும் ஒழுங்கும்’ நிலைநாட்ட ஆயுதம் தாங்கிய பொலீசார் வந்தனர். தொழிலாளர் அவர்களைச் சூழ்ந்து, அவர்கள் கையிலிருந்த ஆயுதங்களை வாங்கிக்கொண்டனர். ஊவாவில் தோட்டத் தொழிலாளியின் கை துவக்கின் மீது, சுமப்பதற்கோ துடைப்பதற்கோ அன்றி, பட்டது அன்று. அந்நாட்களில் பெருவெள்ளம் வந்து ஊவாவை ஒரு வாரத்துக்கு மேல் நாட்டின் மற்றப் பகுதிகளிலிருந்து துண்டித்தது. வெளியிலிருந்து துணை வர வழியற்றுப் போன அந்த வாரத்தில் பொலீஸ் அடக்குமுறை லயங்களுக்குள் புகுந்தது, வேலைநிறுத்தம் முறிந்தது.