நோவும் நினைவின் அசைவும்

1924ஆம் ஆண்டில் புகையிரதப் பாதை பதுளையை எட்டியது. ஊவாவின் தேயிலையைக் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்ல அப்பாதை உதவிற்று. அந்தத் தேயிலையைக் கிள்ளித் தந்தவை தோட்டத்துப் பெண்களின் கைகள். தலைக்கயிற்றில் தொங்கும் கூடை முதுகை அழுத்த, சரிவில் நின்று பல்லாண்டு கொழுந்து பறித்தவருக்குக் கழுத்திலும் முதுகிலும் நோவு நிலைத்துவிடுவதை மலையகத்தார் நன்கறிவர். நிறை குறைந்த நாளில் 'அரைப்பேர்' போடும் வழக்கமும் அங்கே இருந்துவந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நோவைச் சோம்பல் என்று சொல்லிவிடுவது எளிது அல்லவா?

அவ்வாறு சொல்ல மறுத்தவர்களுள் ஒருவர் வீர் மிச்செல் என்னும் அமெரிக்க மருத்துவர். உள்நாட்டுப் போரில் கைகால் இழந்த வீரர்கள், இல்லாத உறுப்பு நோகிறது என்றார்கள். அதனை அவர் பொய்யென்று தள்ளவில்லை. 1871இல் அதைப் பற்றி எழுதி, 'மாய உறுப்பு' என்ற பொருளில் ஒரு பெயரும் இட்டார்.

அதன்பின் நூறாண்டுக்கு மேல் கடந்து, 1990களில், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிற் பயின்று கலிபோர்னியாவில் ஆய்ந்த வி. எஸ். ராமச்சந்திரன் ஒரு கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பத்தை இழந்த கையின் இடத்திற் காட்டினார். உறைந்து கிடந்த மாயக் கை அசைவதாகச் சிலர் உணர்ந்தனர். சிலருக்கு நோவும் தணிந்தது. சந்தையில் வாங்கும் சாதாரணக் கண்ணாடிதான் அது!

ஆஸ்திரேலியரான லோரிமர் மோஸ்லி இன்னொரு வழியிற் சென்றார். கையின் படமொன்றைக் காட்டி, இது வலக்கையா இடக்கையா என்று கேட்பது அச்சோதனை. விடை காண, மனம் தன் கையையே படத்துக்கு ஏற்பத் திருப்பிப் பார்க்கிறது. ஒரு கையில் நீங்காத நோவுற்றோர் அந்தக் கையின் படத்தை இனங்காண அதிக நேரம் எடுத்தனர். சோம்பலால் வந்த தாமதமாயின் இரு கைகளுக்கும் வந்திருக்க வேண்டும். இதுவோ நோவுற்ற கைக்கே வந்தது, அக்கையோ அசையவேயில்லை.

2004இல் அவர், மணிக்கட்டு முறிந்தபின் நோவு நீங்காத 13 பேருடன் ஒரு சிகிச்சையைச் சோதித்தார். முதலில் படம், பின்பு அசைவைக் கற்பனை செய்தல், கடைசியிற் கண்ணாடி. சிலருக்கு அசைவை நினைத்த மாத்திரத்திலேயே நோவும் வீக்கமும் கூடும். ஆகவே படிப்படியாகச் செல்லவேண்டும். அன்று நல்ல பலன் கிடைத்தது. பின்வந்த சோதனைகள் எல்லாம் அவ்வளவு உறுதி தரவில்லை.

நம் தோட்டங்களுக்கு நெருங்கிய செய்தி 2011இல் வந்தது. உடல் எப்பக்கம் திரும்பியிருக்கிறது என்று படம் பார்த்துச் சொல்வதில், முதுகு நோவுடையோர் மற்றவரைவிட அதிகம் தவறினர். இருபுறமும் நோவு உள்ளவர்கள் அவர்களினும் அதிகமாகத் தவறினர்.