சென்னையில் ஆனந்த் ஆடிய ஒன்பதாவது ஆட்டம்

2013 உலக செஸ் போட்டின்னு ஆரம்பிச்சாலே, "சொந்த ஊர்லயே கார்ல்சன்கிட்ட தோத்துட்டாரே"ன்னு பேச்சை முடிச்சிடறாங்க. மக்களே, அந்த ஒன்பதாவது ஆட்டத்தை ஒரு தடவை பலகையில நகர்த்திப் பாருங்க, அப்புறம் பேசலாம்.

நவம்பர் 21, ஹயாத் ரீஜென்சி ஓட்டல். எட்டு ஆட்டம் முடிஞ்சு கார்ல்சன் 5, ஆனந்த் 3. மொத்தமே 12 ஆட்டம்தான், ஜெயிச்சே ஆகணும். அதுவரை வெள்ளையில் ஆடின நாலு ஆட்டத்திலும் ஈ4. அதுல மூணு தடவை பெர்லின் டிபென்ஸ் என்ற சுவர்ல முட்டி நின்னார். அன்னைக்கு டி4! கார்ல்சன் நிம்ஸோ-இந்தியன் ஆட, நாலாவது நகர்த்தலா எஃப்3.

கறுப்பு மந்திரி குதிரையை வெட்டியது. எட்டாவது நகர்த்தலில் கார்ல்சன் சிப்பாயை சி4-க்குத் தள்ள, நடுப்பலகை பூட்டிக்கிச்சு. ராணி பக்கம் கறுப்புக்கு, ராஜா பக்கம் வெள்ளைக்கு. (எங்க விருத்தாசலம் பீங்கான் சூளையில வெந்த மண்ணைத் திரும்பப் பிசைய முடியாது. சிப்பாயும் அப்படித்தான், பின்னாடி வராது.)

இதே மாதிரி அமைப்பு 1938 நவம்பர்லயே வந்திருக்கு. நெதர்லாந்து ஏவிஆர்ஓ போட்டி, போட்வின்னிக்–கப்பாபிளாங்கா. அதுவும் நிம்ஸோதான். கப்பாபிளாங்கா ராணி பக்கம் ஒரு சிப்பாயைத் தின்னப் போக, போட்வின்னிக் நடுவுல ஈ-சிப்பாயை ஓட்டினார். 30-வது நகர்த்தலில் மந்திரியைப் பலி கொடுத்து ஜெயிச்சார். செஸ் படிக்கிறவங்க தவறவிடக் கூடாத ஆட்டம்.

75 வருஷம் கழிச்சு ஆனந்தும் ஈ5, எஃப்4, எஃப்5, எஃப்6-னு ஏறினார். கார்ல்சன் பயப்படவே இல்லை, பி-சிப்பாயை ஓட்டினார். 23-வது நகர்த்தலுக்கு ஆனந்த் அரை மணிக்கு மேல யோசிச்சார். ராணி எச்6-க்கு வந்தாச்சு. யானை எச்4-க்கு வந்தா மேட். 27-ல் கறுப்பு சிப்பாய் பி1-ல் ராணியாகி செக்!

மறைக்க மந்திரி எஃப்1 வைக்கலாம், இல்லேன்னா குதிரை எஃப்1. ஆனந்த் சட்டுனு குதிரையை வச்சார். கார்ல்சன் ராணி ஈ1. அவ்வளவுதான், ஆனந்த் கை கொடுத்துட்டார். ஏன்னா குதிரை ஜி3-ஐ விட்டதும் ஈ1-லிருந்து எச்4 வரை மூலைவிட்டம் திறந்துடுச்சு. யானை அங்க போனா ராணி வெட்டிடும். மறுநாள் டிரா, 6.5–3.5, பட்டம் போச்சு.

மந்திரியை வச்சிருந்தா? குதிரை ஜி3-லேயே வழியை அடைச்சு நிக்கும். மேட்டைத் தடுக்க கார்ல்சன் புது ராணியை டி1 வழியா எச்5-க்குக் கொண்டுபோய் பலி கொடுக்கணும். அப்புறமும் ஆட்டம் டிராவை நோக்கித்தான். ஜெயம் இல்லை, சரி. ஆனா என்னைக் கேட்டா, அந்தப் போட்டியிலேயே ஆனந்த் துணிஞ்சு ஆடின ஆட்டம் இதுதான்.